வீடு கட்டுவோர் கேள்வி–பதில்: காற்றைக் கேட்டுக் குசினி வையுங்கள்

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியில், கடலுக்குக் கிட்டவுள்ள வளவில் தெற்குவாசல் வீடு ஒன்று கட்டுகிறோம். குசினிக்கு 11 அடிக்கு 9 அடி ஒதுக்கியிருக்கிறோம். அக்கினி மூலையில்தான் குசினி வர வேண்டும் என்றும், விறகடுப்பைக் கைவிட முடியாது என்றும் அம்மா நிற்கிறார். எனக்கோ சுவர் முழுவதும் பலகைக் கபட் அடித்த குசினியில்தான் ஆசை. என்ன செய்யலாம்? – ஒரு வாசகி

பதில்: தெற்குவாசல் வீட்டில் அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு, முன்பக்கத்தில் வந்துவிடும். படலையைத் திறந்து வருகிறவர் முதலில் காண்பது மீன் வெட்டும் இடமாக இருப்பதை அம்மாவும் விரும்ப மாட்டார். பிற்பகலில் கடலிலிருந்து வீசும் கிழக்குக் காற்று, அங்கு எழும் புகையையும் தாளித வாசனையையும் அறைகளுக்குள்ளேயே தள்ளும். வாஸ்து பார்ப்பவர்கள் இரண்டாவது தெரிவாகச் சொல்வது வாயு மூலையாகிய வடமேற்கை. உங்கள் வளவுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் முடிவு; அங்கே அடுப்பைக் கிழக்குச் சுவரோடு வைத்தால், அம்மா கிழக்கு முகமாக நின்றே சமைக்கலாம்.

விறகடுப்பை விட வேண்டியதில்லை. குசினியின் மேற்குச் சுவருக்கு வெளியே, ஓட்டுக் கூரையும் உயரமான புகைக்கூடும் கொண்ட சிறு கொட்டில் ஒன்று போடுங்கள். கடற்காற்றும் மாரியில் வரும் வாடைக்காற்றும் புகையை வீட்டுக்கு எதிர்த்திசையில் கொண்டுபோகும். மே முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து சூடாக வீசும் கச்சான் மட்டும் அதை வீட்டுப் பக்கம் திருப்பும். அந்த நாட்களில் தீப்பொறி பறக்கும் ஆபத்தும் இருப்பதால் சமையலைக் காஸில் வைத்துக்கொள்வதே நல்லது. கொட்டிலுக்குக் கிடுகுக் கூரை வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம்.

உள்ளே, வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் 2 அடி அகலத்தில், சமையல் மேடையாகச் சீமெந்துத் தட்டு ஒன்றை ‘ட’ வடிவில் ஓடவிடுங்கள். வடக்குச் சுவரின் நடுவில் அகலமான யன்னல், அதன் கீழே சிங். கிழக்குச் சுவரில், வடகிழக்கு மூலையை ஒட்டிக் காஸ் அடுப்பு. இரண்டுக்கும் இடையில் வெட்டவும் அரியவும் குறைந்தது 3 அடி வெறுமையான தட்டு. அடுப்புக்கு நேரே யன்னல் வைத்தால் காற்றில் நெருப்பு அலைந்து காஸ் வீணாகும். அதற்குப் பதிலாக, பக்கத்து வடக்குச் சுவரின் உயரத்தில் புகை இழுக்கும் மின்விசிறியைப் பொருத்துங்கள். குளிர்சாதனப் பெட்டி தெற்குச் சுவரில், சாப்பாட்டறை வாசலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். தண்ணீர் எடுக்க வருகிற பிள்ளைகள் சமைப்பவரின் காலுக்குள் நுழைய மாட்டார்கள். சிங், அடுப்பு, குளிர்பெட்டி ஆகிய மூன்றுக்கும் இடைத்தூரத்தைக் கூட்டினால் 13 அடிக்கும் 26 அடிக்கும் இடையில் வர வேண்டும் என்பது 1940களில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கு. உங்கள் அறையில் அது தாராளமாக அமையும்.

தட்டின் உயரத்தைக் கடைப் பட்டியலில் உள்ள 36 அங்குலத்துக்கு விட்டுவிடாதீர்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை மடித்து, நிலத்திலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 5 அங்குலத்தைக் கழியுங்கள். ஐந்தடி உயரமான ஒருவருக்கு அது 33 அங்குலம் அளவில் வரும். பிட்டுக்கு மாக் குழைப்பதற்கும் திருவலையில் தேங்காய் திருவுவதற்கும் இதைவிடத் தாழ்வான இடம் வேண்டும். அதைக் கொட்டிலில், அம்மியோடு சேர்த்து வையுங்கள்.

கபட் விடயத்தில்தான் உங்களுக்கு மாறாகப் பேச வேண்டியிருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் ஊதிப் பிளக்கும். நொவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொட்டுகிற, 2011 ஜனவரியில் வெள்ளத்தில் மூழ்கிய இந்த மாவட்டத்தில் அதை நிலத்தோடு சேர்த்து அடிப்பது வீண் செலவு. தட்டின் கீழ்க் கட்டு சீமெந்துக் கல்லாகவும், கதவுகள் அலுமினியமாகவும், ஆணி, பிணைச்சல், சிங் எல்லாம் கடலோரத்துக்கு ஏற்ற 316 தரத்து எவர்சில்வராகவும் இருக்கட்டும். உப்புக்காற்றில் மற்றவை துருப்பிடிக்கும். பலகை அழகு வேண்டுமென்றால், தட்டுக்கு 18 அங்குலம் மேலே, ஒரு சுவரில் மட்டும் மரக் கபட் வையுங்கள். கீழே லாச்சிகள் போதும். மிச்சப்படும் பணத்தை யன்னலின் மேல் 2 அடி மழைமறைப்புக்கும், வெள்ளைச் சுவருக்கும், தட்டின் மேல் விழும் மஞ்சள் வெளிச்சத்துக்கும் செலவழியுங்கள். அழகு வருவது அங்கிருந்துதான்.

காஸ் சிலிண்டரை வெளியே, வடக்குச் சுவரோடு, காற்றோட்டமுள்ள கூட்டுக்குள் வையுங்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தில்தான் படியும். ஆகவே குசினியிலும் நிலமட்டத்துக்குச் சற்று மேலே ஒரு காற்றுத் துவாரம் விடுங்கள்.

கேள்வி: அக்கரைப்பற்றில் வாடகை வீட்டில் இருக்கிறோம். குசினித் தட்டு ஒரே சுவரில்தான். எதுவும் உடைத்துக் கட்ட முடியாது. – ஒரு வாசகர்

பதில்: சில்லுப் பூட்டிய மேசை ஒன்றை, இருக்கும் தட்டின் உயரத்துக்குச் செய்வியுங்கள். சமைக்கும்போது எதிர்ப்பக்கம் இழுத்துக்கொள்ளலாம். இடையில் 42 அங்குலம் இருந்தால் குனிந்து எழ முட்டாது. தினமும் எடுக்கும் அரிசியும் தூளும் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும், பெரிய சட்டிகளை மேலே ஏற்றிவிடலாம். வீடு மாறும்போது மேசையும் உங்களோடு வரும்.