டெல்டால தண்ணிக்கு விலை வச்சா அரிசி ஏற்றுமதி குறையுமா?

தண்ணி விலைய மட்டும் ஏத்துனா பெருசா குறையாதுங்க. மேட்டூர்ல தொறந்து வாய்க்கால்ல வர்ற தண்ணிய யாரும் லிட்டர் கணக்குல அளக்குறதில்ல, போர்வெல்லுக்கு கரண்ட்டும் ஃப்ரீ, அதனால ஒரு கிலோ அரிசிக்கு ஆயிரக்கணக்குல லிட்டர் போனாலும் அந்தக் கணக்கு நம்ம கண்ணுக்கே தெரியாது, தெரியறது நெல்லு வெல மட்டும்தான். அந்த வெலய ஏத்தி எறக்குறது ஏற்றுமதிக் கொள்கை. 2023 ஜூலைல பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்குத் தடை, ஆகஸ்ட்ல புழுங்கலுக்கு 20% வரி, தடைய 2024 செப்டம்பர்லதான் எடுத்தாங்க. ஏற்றுமதிய அடைச்சா உள்ளூர் வெல அமுங்கும், ஆனா கொள்முதல் நிலையத்துல ஆதரவு விலைக்கு நெல்லத்தான எடுக்குறாங்க, அப்புறம் தண்ணி கம்மியா கேக்குற உளுந்துக்கு எவன் மாறுவான்? இந்த நெலமைல தண்ணிக்கும் காசு கேட்டா, கடைமடைல தண்ணியே சரியா வராத வேதாரண்யம் பக்கத்து ஆளு ரெண்டு பக்கமும் அடி வாங்குவான், அது பெரிய அநியாயம்.