தளபதியின் கத்திக்குப் பாலிஷ்

கேள்வி: எங்கள் வீட்டில் பரம்பரையாக ஒரு பழைய கத்தி இருக்கிறது. மருதிருவர் படையில் தளபதியாக இருந்த முன்னோருடையது என்று தாத்தா சொல்வார். அப்பாவுக்குப் பிறகு என்னிடம் வந்திருக்கிறது. துருப்பிடித்துக் கிடப்பதால் நன்றாகப் பாலிஷ் போட்டு ஷோகேஸில் வைக்க ஆசை. வீட்டில் கத்தியை வைத்தால் சண்டை வரும் என்று மனைவி தடுக்கிறார். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பரமக்குடி

பதில்: பாலிஷ் என்று படித்ததுமே எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது. தளபதி, மனைவி, சண்டை எல்லாம் அப்புறம்.

பழசாகத் தெரியும் எதையும் தேய்த்துவிட வேண்டும் என்பது நம்மூர் வியாதி. ஆயிரம் வருடக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்றால் முதல் வேலையாகக் கம்ப்ரஸரைக் கொண்டுவந்து தூணின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போயிற்று. கூடவே சிலையின் விரல் நகமும், கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் போயிற்று. கடைசியில் அரசே மணல் வீச்சுக்குத் தடை போட வேண்டி வந்தது. தடை வந்தால் ஆசை விடுமா? இப்போது பிராகாரத்தில் வழவழ கிரானைட், மழைக்காலத்தில் வயதானவர்கள் வழுக்கி விழ வசதியாக. இதை நான் எழுதும்போதெல்லாம் ஒரு திருப்பணிக் குழுவிலிருந்து 'உமக்குப் பக்தி போதாது' என்று கார்டு வரும். இந்த முறையும் வரட்டும், பதில் தயாராக இருக்கிறது: உளி பிடித்த சிற்பிக்கு இருந்த பக்தியைக் கம்ப்ரஸரில் தேடுகிறவர் நீங்கள்தான் ஐயா, நான் இல்லை.

சரி, கத்தி. பழைய இரும்பில் இரண்டு நிறம் இருக்கும். சிவப்பாகப் பொடிப்பொடியாக உதிர்கிறதே, அதுதான் கத்தியைத் தின்னும் துரு. அடியில் கறுப்பும் சாம்பலுமாக ஒட்டிக் கிடக்கும் படலம் அப்படி உதிராது. பல வருடம் கைபட்டு, எண்ணெய் பட்டு உண்டானது. ஓரளவு காவலும் அதுதான். பாலிஷ்காரருக்கு இரண்டும் ஒன்று. வீல் மெஷினில் வைத்து அழுத்துவார், பொறி பறக்கும், ஐந்து நிமிடத்தில் கத்தி கண்ணாடிபோல் மின்னும். ஓரத்தில் நீலம் பாரித்திருக்கிறதா என்று பாருங்கள். பாரித்திருந்தால், கொல்லர் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து ஏற்றிய பதம் அந்தச் சூட்டிலேயே இறங்கிவிட்டது. அப்புறம் அது வெண்ணெய் வெட்டத்தான் ஆகும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மிக மெல்லிய இரும்பு நாரில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு, சிவப்பை மட்டும் பொறுமையாக எடுங்கள். கறுப்பைத் தொடாதீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகக் காறிப்போகும். தோல் உறை இருந்தால் கத்தியை அதற்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட அமிலமும் சேர்ந்து துரு மறுபடி தொடங்கும். கைப்பிடி ஆடினாலும் புதுசு மாட்டாதீர்கள். ஷோகேஸ் உங்கள் இஷ்டம். அங்கே ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் தாஜ்மகாலைப் பக்கத்தில் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

இப்போது தளபதி. கோபிக்காதீர்கள். முன்னோரைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களை வைத்துப் பார்த்தால் நம் ராஜாக்களின் படையில் தளபதிகள் மட்டுமே இருந்திருக்கிறார்கள். சிப்பாய் இல்லை, சமையல்காரர் இல்லை, குதிரைக்குப் புல் அறுத்தவர் இல்லை. அல்லது அவர்களுக்கெல்லாம் பேரன் பிறக்கவில்லை. எல்லாரும் தளபதி என்றால் 'முன்னேறு' என்று கத்தியதும் முன்னேறியது யார்? காளையார்கோவில் காட்டில் அத்தனை தளபதிகளும் 'நீங்கள் முதலில் போங்கள்' என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டு நின்றிருப்பார்கள். கம்பெனிப் படை ஜெயித்ததில் ஆச்சரியமே இல்லை!

விளையாட்டு போகட்டும். மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. அதே வருடம் டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரர் நாட்டில் ஆயுதமே கூடாது என்று அறிக்கை விட்டார். இந்தக் கெடுபிடியைத் தாண்டி ஒரு தளபதியின் கத்தி உங்கள் வீட்டில் தங்கியிருந்தால், யாரோ உயிரைப் பணயம் வைத்துக் கூரையிலோ குதிரிலோ ஒளித்திருக்க வேண்டும். அந்தக் கதை வீட்டில் யாருக்காவது தெரியுமா? தெரியாது என்றால், அது கறி வெட்டிய கத்தியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. படைக் கத்தி எப்போதாவது உறையை விட்டு வரும். கறிக் கத்தி வாரம் தவறாமல் வேலை பார்த்திருக்கும்.

தஞ்சாவூரில் நடந்ததையும் கேளுங்கள். கடைசி மராத்திய மன்னர் சிவாஜி 1855இல் இறந்தபின் அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றில் எத்தனையோ உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டன. தப்பியதில் ஒரு பகுதிதான் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குடகில் வேறு கதை. அங்கே கொடவர்களுக்கு 1861லேயே ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தது. இன்றும் கல்யாண மாப்பிள்ளை இடுப்பில் பீச்செக்கத்தி என்ற குறுவாளைச் செருகியிருப்பார். ஒடிக்கத்தி என்ற அகன்ற போர்க்கத்தியால் வாழைமரத்தை வெட்டுவது சடங்கு. செப்டம்பரில் கைல்போது பண்டிகைக்கு எல்லாவற்றையும் துடைத்துப் பூ வைத்துக் கும்பிடுவார்கள்.

நமக்கு அந்த விலக்கு கிடையாது. ஆகவே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தது என்றால் வராது. தளபதி கத்தி என்று பெருமை பேசினால் ஸ்டேஷன் அலைச்சல், கறிக் கத்தி என்று ஒப்புக்கொண்டால் நிம்மதி. தாத்தா மன்னிப்பார்.

உங்கள் மனைவி சொல்வது சரிதான், காரணம்தான் வேறு. அரிவாள்மனையைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிற ஊர் இது. சண்டை இரும்பிலிருந்து வருவதில்லை, பங்கிலிருந்து வருகிறது. 'என்னிடம் வந்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக நடந்தா வந்தது? கூடப் பிறந்தவர்கள் உண்டா, அவர்களைக் கேட்டீர்களா என்று ஒரு வரி இல்லையே. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005இல். நிலமென்றால் வரப்பு போடலாம். கத்திக்கு? அலகு அண்ணனுக்கு, கைப்பிடி தங்கைக்கு, உறையை மாப்பிள்ளை பெல்ட் தைக்கக் கேட்பார், சித்தப்பா வந்து 'அந்தத் துரு என் பங்கு' என்பார். வருடத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் பாலிஷ் போட்டவருக்கு அடுத்த முறை கிடையாது என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

உங்கள் தங்கை இந்த இதழை வாங்குகிறவர் என்றால் என்னைத் திட்டாதீர்கள்.