டாக்டருக்குப் படிக்கணுமா? அரசுப் பள்ளிப் பெற்றோர் கேள்விகளுக்கு டீச்சர் பதில்

கடலூர்ப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இருபத்தெட்டு வருஷம் விலங்கியல் எடுத்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதே பாதி வேலையாகிவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன். கட்-ஆஃப் ஜோசியம் மட்டும் கேட்காதீர்கள்.

பண்ருட்டி, ஒரு தாய்: முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறேன். மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது. டாக்டர் ஆகணும் என்கிறாள். இப்போதே கோச்சிங்கில் சேர்க்கணுமா?

வேண்டாம்மா. எட்டாவதில் கோச்சிங் என்று பணம் கேட்பவரைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது. நீட்டில் தகுதி மதிப்பெண் எடுத்தாக வேண்டும், ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்தான். இடம் கிடைத்தால், அது தனியார் கல்லூரியாகவே இருந்தாலும், படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

நான் பார்த்த பெரிய நஷ்டம் எங்கே தெரியுமா? பத்தாவதில் 'ரிசல்ட் நல்லா வரும்' என்று கடன் வாங்கி ஒன்பதாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றுவார்கள். பதினொன்றாவதில் திரும்ப அரசுப் பள்ளிக்கு வருவார்கள். அந்த இரண்டு வருஷத்தில் 7.5 கையை விட்டுப் போயிருக்கும். அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது சாதிச் சான்று வாங்குவது. ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு, என்றைக்கு எந்த விண்ணப்பம் போட்டாலும் உங்கள் சொந்த செல் நம்பரைக் கொடுங்கள், ப்ரௌசிங் சென்டர்காரர் நம்பரை அல்ல. ஓடிபி அவருக்குப் போகும், அவர் கடையைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருப்பார்.

சிதம்பரம்: எங்கள் பள்ளி அரசு உதவி பெறும் பள்ளி. 7.5 உண்டா?

இல்லை.

ரெட்டிச்சாவடி: வீடு கடலூர் மாவட்டத்தில். மகன் படிப்பது பாகூர் பக்கம் புதுச்சேரி அரசுப் பள்ளியில். அவனுக்கு எந்த ஒதுக்கீடு?

முள்ளோடை எல்லையில் இருக்கிற பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. பஸ்ஸில் பத்து நிமிஷம்தான், ஆனால் கல்வித்துறை வேறு, அரசாங்கம் வேறு. 7.5-க்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அதனால் அது இல்லை. புதுச்சேரியும் 2023 முதல் தன் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 சதவீதம் கொடுக்கிறது. அதற்கு அந்த ஊர்க் குடியிருப்புச் சான்று வேண்டும், உங்களிடம் இருப்பது தமிழ்நாட்டு ரேஷன் கார்டு. இரண்டு பக்கமும் அரசுப் பள்ளிதான், ஆனால் பையன் இரண்டிலும் சேர்த்தி இல்லை. தமிழ்நாட்டின் பொதுவான இடங்களுக்கு நேட்டிவிட்டி சான்றோடு போட்டியிடலாம், அந்த வழி திறந்திருக்கிறது. பையன் ஐந்தாவதா பதினொன்றாவதா என்று நீங்கள் எழுதவில்லை. ஐந்தாவது என்றால் இப்போதே கடலூர்ப் பக்கப் பள்ளிக்கு மாற்றுங்கள்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு, புதுச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாக விண்ணப்பம். மத்திய அரசின் ஜிப்மரில் புதுச்சேரிக்காரர்களுக்கென்று இருக்கும் இடங்களுக்கு டெல்லியின் எம்சிசி நடத்தும் அகில இந்தியக் கலந்தாய்வில் தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் போட்டால் இன்னொன்றும் தானாக வந்துவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

குறிஞ்சிப்பாடி: அரசு உதவி பெறும் பள்ளிக்கு 7.5 கிடைக்குமா டீச்சர்?

சிதம்பரத்துக்குச் சொன்னதேதான்.

விருத்தாசலம்: நீட்டைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா?

தமிழ் என்று குறியுங்கள். தமிழ் கேட்டால் வினாத்தாளில் இரண்டு மொழியும் இருக்கும், ஆங்கிலம் கேட்டால் ஆங்கிலம் மட்டும்தான்.

நெய்வேலி, ஒரு தந்தை: தவறான வழிகாட்டல் டீச்சர். 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்வி தப்பு. மறந்துவிட்டதா?

மறக்கவில்லை சார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அன்று என் வகுப்பில் எழுதிய பிள்ளைகளும் அழுதார்கள். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே இறுதி என்பது விதி. அதனால்தான் பன்னிரண்டாவதில் ஒவ்வொரு பாடத்துக்கும் 'நாளமில்லாச் சுரப்பி – எண்டோகிரைன்' என்று இரண்டு பத்தியாக எழுத வைப்பேன். தமிழில் படித்து, ஆங்கிலத்தில் சரிபார்க்க வேண்டும்.

அதே தந்தை: கல்லூரியில் எல்லாமே ஆங்கிலம்தானே? தமிழ்வழிப் பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்?

இடையில் ஒரு மருத்துவ மாணவர்: சார், நான் தமிழ்வழி, 7.5-ல் வந்தவன், இரண்டாம் ஆண்டு. 'ஹியூமரஸ்' (மேற்கை எலும்பு) மாதிரி வார்த்தை எனக்குக் கஷ்டமாக இல்லை, அது எல்லோருக்கும் புதுசு. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பேராசிரியர் கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேட்பார், அந்த வாக்கியம்தான் புரியாது. ஆறு மாசம் வாயே திறக்கவில்லை. இப்போது வார்டில் ஒரு பாட்டி 'அடிவயிறு சுருட்டிப் பிடிக்குதுப்பா' என்றால் ஆங்கிலவழி நண்பர்கள் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தம்பி, அந்த ஆறு மாசத்தைப் பற்றி விவரமாக எழுதேன். இடம் வாங்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நானும்தான் இருந்துவிட்டேன். நெய்வேலி சார், பள்ளி மொழியை மாற்றச் சொல்வதைவிட, ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்க உங்களால் வர முடியுமா?

நெய்வேலி: சனிக்கிழமைகளில் வருகிறேன்.

நல்லது. தனியாகப் பேசுவோம்.

திண்டிவனம் சாலை, ஒரு தொண்டர்: இருளர் பிள்ளை, ஒன்பதாவது, நன்றாகப் படிக்கிறாள். சாதிச் சான்று இல்லை.

பழங்குடிச் சான்று தாசில்தார் கொடுப்பதில்லை, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான். உறவினர் யாரிடமாவது சான்று இருந்தால் நகல் வையுங்கள். இன்றே மனு போட்டு ரசீதை வாங்கி வையுங்கள். மூன்று வருஷம் இருக்கிறது என்று விடாதீர்கள், அது போதாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். புதுச்சேரிப் பக்கம் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2016-ல்தான்.

ஒரு பட்டதாரி ஆசிரியர்: என் வகுப்பில் யாருமே டாக்டர் என்று சொல்வதில்லை. எப்படி ஊக்கப்படுத்துவது?

கடற்கரையோரப் பள்ளி ஒன்றில் இதயத்தின் அறைகளைப் படம் போட்டு நடத்திக்கொண்டிருந்தேன். தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருத்தி கடைசி பெஞ்சில் இருந்து, "செவுளைப் பிய்க்கும்போது ரத்தமா ஒரு சின்ன உருண்டை கூட வருமே, அதுவா டீச்சர்?" என்றாள். அதேதான். மறுநாள் பாரை மீன் இரண்டு கொண்டுவந்தாள். எனக்குக் கத்தி பிடிக்க வரவில்லை, அவள்தான் அறுத்தாள். மீனுக்கு இரண்டு அறைதான் என்பதை வகுப்பே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதற்கு முன்னால் 'கலாம் சொன்னார், கனவு காணு' என்று நானும் பேசிப் பார்த்தவள்தான், ஒரு பிள்ளையும் அசையவில்லை. அவள் இன்று செவிலியர். 'அவ்வளவுதானா' என்று யாரும் கேட்க வேண்டாம்.

வடலூர்: வெளிநாட்டில் குறைந்த செலவில் எம்பிபிஎஸ் என்று ஏஜென்ட் சொல்கிறார். நீட் வேண்டாமாம்.

பொய். நீட்டில் தகுதி பெறாமல் வெளிநாட்டில் படித்துவந்தால் இங்கே பதிவு செய்ய முடியாது.

நெல்லிக்குப்பம்: உதவி பெறும் பள்ளிக்கு...

மூன்றாவது முறை. இல்லை!

திட்டக்குடி: மகனுக்கு நீட் விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அதில் ப்ரௌசிங் சென்டர்காரர் நம்பர்தான் இருக்கிறது.

நினைத்தேன். இப்போதே போய் விண்ணப்ப எண்ணையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மாநிலக் கலந்தாய்வுக்குத் தனி விண்ணப்பம், அதிலாவது உங்கள் நம்பர் இருக்கட்டும். அவரிடம் கோபப்படாதீர்கள். ரிசல்ட் வரும்வரை அவர் போன்தான் உங்கள் போன்.