கொசு விரட்டி ஜெரேனியம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நர்சரிகளில் ‘கொசு விரட்டி செடி’, ‘சிட்ரோனெல்லா செடி’ என்று விற்கும் வாசனை ஜெரேனியத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பதினொரு வருடமாக இதை மொட்டை மாடியில் வளர்க்கிறேன். சென்னை வெயிலில் ஏழெட்டுச் செடியைப் பறிகொடுத்த பிறகுதான் இதன் குணம் பிடிபட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, கொசு வராது என்று சொன்னார்கள் என்று 250 ரூபாய் கொடுத்து வாங்கி, படுக்கையறை ஜன்னலில் வைத்தேன். ஒரு மாதமாகிறது, கொசு குறையவே இல்லை. செடியில் ஏதாவது கோளாறா? (வேளச்சேரி)

செடி நன்றாகத்தான் இருக்கும் தம்பி. சொல்லி விற்றதுதான் தப்பு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘சிட்ரோசா’ என்ற பெயரில் இது கடைக்கு வந்தது. கொசு விரட்டும் எண்ணெய் எடுக்கிற சிட்ரோனெல்லா புல்லின் குணத்தை ஜெரேனியத்துக்குள் ஏற்றியிருக்கிறோம், வைத்தாலே கொசு ஓடும் என்று விளம்பரம் செய்தார்கள். 1996இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். செடி பக்கத்தில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கொசுக்கடியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ‘டீட்’ என்ற, தோலில் பூசும் கொசு விரட்டி மருந்தைப் பூசியவர்களுக்குக் கடி 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கொசுக்கள் இந்தச் செடியின் இலையிலேயே உட்கார்ந்து இளைப்பாறுவதையும் பார்த்திருக்கிறார்கள்.

ஏன் என்று உங்கள் ஜன்னலிலேயே பார்க்கலாம். ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். விளிம்பு முழுக்கப் பூனைமுடி போல மெல்லிய ரோமம் தெரியும். சில ரோமங்களின் நுனியில் மட்டும் பனித்துளி மாதிரி ஒரு சின்ன உருண்டை இருக்கும். மணம் தரும் எண்ணெய் அதற்குள்தான் இருக்கிறது. விரல் பட்டு அது உடைந்தால் குப்பென்று வாசனை வரும். சும்மா நிற்கும் செடியிலிருந்து அறைக்குள் பரவுவது மிகமிகக் கொஞ்சம்.

செடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாசனைக்காகவே வளர்க்கத் தகுந்த செடி இது. கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

இலையைக் கசக்கிக் குழந்தையின் கை காலில் தேய்க்கலாமா?

வேண்டாம்மா. மணம் சீக்கிரமே ஆவியாகிவிடும், அதை நம்பி டெங்கு சீசனில் குழந்தையை வெளியே விடக் கூடாது. சில குழந்தைகளுக்குத் தோல் சிவந்து தடிக்கவும் செய்யும். முழுக்கை சட்டை, பகல் தூக்கத்துக்கும் வலை, இதுதான் என் பேரனுக்கும் நான் செய்வது. பூசும் மருந்து எதுவானாலும் குழந்தையின் வயதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மதுரையில் இருக்கிறேன். மார்ச் வரை தளதளவென்று இருந்த செடி மே மாதம் காய்ந்துவிடுகிறது. தண்ணீர் தினமும் இரண்டு வேளை ஊற்றுகிறேன்.

அந்த இரண்டு வேளைத் தண்ணீர்தான் பிரச்சினை. இதன் பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. ஓரளவு வறட்சியைத் தாங்கும், ஈரம் தேங்கினால் தாங்காது. நம் பக்கம் இது நன்றாக வருவது ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலைகளில்தான். அங்கே எண்ணெய்க்காகவே பயிரிடுகிறார்கள். ஒரு டன் தழையைக் காய்ச்சினால் கிடைப்பது ஒரு கிலோ எண்ணெய் அளவுதான், அதனால்தான் அந்த எண்ணெய்க்கு அவ்வளவு விலை.

சமவெளியில் காலை வெயில் நான்கு மணி நேரம் பட்டால் போதும். பதினொரு மணிக்கு மேல் நிழலில் இருக்க வேண்டும். கிழக்குப் பார்த்த பால்கனி கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் வளர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள், உயிரோடு கடத்தினால் போதும். விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றுங்கள். மண் தொட்டி இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள், பிளாஸ்டிக்கில் வேர் வெந்துவிடும். செம்மண், ஆற்று மணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் சரியாக இருக்கும்.

தண்டின் அடிப்பக்கம் கறுத்து, கொழகொழவென்று ஆகிவிட்டது. மேலே இலை பச்சையாகத்தான் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

அடியைக் காப்பாற்ற முடியாது. பூஞ்சை போன்ற ஒரு கிருமியால் வரும் அழுகல் அது, மேலே ஏறிக்கொண்டே போகும். இன்றைக்கே பச்சையாக இருக்கும் நுனிகளை வெட்டி எடுத்துப் பதியன் போடுங்கள். வெட்டிய இடத்தின் உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள், சுத்தமான பச்சை வரும்வரை. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஊட்டியிலிருந்து அத்தை நாலு கிளை ஒடித்துக் கொடுத்தார். தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். வேர் விடுமா?

விடலாம். ஆனால் அழுகுவதுதான் அதிகம். வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, நான்கு அங்குலக் குச்சியாக்குங்கள். மேலே இரண்டு மூன்று இலை மட்டும் இருக்கட்டும். பிறகு நிழலில் மூன்று நான்கு மணி நேரம் காய விடுங்கள், வெட்டுவாய் லேசாகத் தோல் கட்டும். அப்புறம் ஈரமான மணலில் செருகுங்கள். ரோஜாவுக்கு மூடுவது போலப் பாலிதீன் கவர் போட்டு மூடாதீர்கள், புழுங்கி அழுகிவிடும். மூன்று நான்கு வாரத்தில் நுனியில் புதுத் துளிர் வரும். அதுவரை இழுத்துப் பார்க்கக் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

நாலில் இரண்டு பிடித்தால் நல்ல பலன். வருடா வருடம் மழை ஓய்ந்து தை பிறந்ததும் இப்படி இரண்டு புதுச் செடி எடுத்து வையுங்கள். தாய்ச்செடி இரண்டு மூன்று வருடத்தில் கட்டையாகிவிடும்.

என் செடியில் இலை கையளவு பெரிதாக வருகிறது, ஆனால் வாசனையே இல்லை. மீன் அமிலம் (மீனும் வெல்லமும் ஊறவைத்த உரக் கரைசல்) வாரம் ஒரு முறை கொடுக்கிறேன்.

தழைச்சத்து அதிகமாகிவிட்டது. மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும், மீன் அமிலத்தைக் கத்தரிக்குக் கொடுங்கள். வெயிலும் குறைவாக இருக்கிறதா பாருங்கள்.

செடி தொட்டியின் அடித்தட்டில் புழு நெளிகிறது. வேர்ப்புழுவா?

இல்லை, கொசுப்புழு. உடனே தட்டை எடுத்துக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு மனசு பதறியது. ஐந்து வருடம் முன்பு எங்கள் வீட்டில் என் மகளுக்கு டெங்கு வந்தது. வீடு முழுக்கத் தேடியபோது, வரிசையாக வைத்திருந்த ஜெரேனியத் தொட்டிகளின் தட்டுகளில்தான் புழு இருந்தது. கொசுவுக்கென்று வைத்த செடியின் அடியிலேயே!

டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, இந்த மாதிரி தெளிந்த நீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் இருக்கும், மறுபடி நீர் பட்டதும் பொரியும். அதனால் வாரம் ஒரு நாள் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நான் தட்டே வைப்பதில்லை, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டேன்.

வீட்டில் பூனை இருக்கிறது. பரவாயில்லையா?

பூனைக்கும் நாய்க்கும் இது ஆகாது. தின்றால் வாந்தி எடுக்கும், சாப்பிடாமல் கிடக்கும். எட்டாத உயரத்தில் தொங்க விடுங்கள்.

இரண்டு வருடமாகியும் ஒரு பூகூடப் பூக்கவில்லையே, மேடம்?

சமவெளியில் பூப்பது அபூர்வம்தான். இரவு குளிர வேண்டும் அதற்கு. பூத்தாலும் வெளிர் ரோஸ் நிறத்தில் நகக்கண் அளவுதான் இருக்கும். நுனியைக் கிள்ளிக் கிள்ளி விடுங்கள், பக்கக் கிளை வெடித்துப் புதராக நிற்கும். மாலையில் துணி எடுக்கப் போகும் வழியில் வையுங்கள், புடவை உரசும்போதெல்லாம் மணக்கும்.