எழுத்து வகுப்பில் பெண்ணியம் என்றால் பெண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வதா? வகுப்பில் உண்மையில் என்ன மாறும்?

பெண்ணைப் பற்றி எழுதச் சொன்னால் என்ன வரும் என்று கல்லூரியில் பகுதி 1 தமிழ் எடுக்கிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முன்னுரை, கவிமணியின் இரண்டு வரி, பாரதியின் இரண்டு வரி, கல்பனா சாவ்லா, முடிவுரை. விடைத்தாள் கட்டு முழுக்க இதேதான். எழுதியது ஆணா பெண்ணா, எந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளை என்று ஒரு தாளிலும் தெரியாது. தலைப்பில் பெண் இருந்து பயனில்லை. எழுதுகிறவருக்குத் தெரிந்த வாழ்க்கையே கட்டுரைக்குப் போதுமான விஷயம் என்று வகுப்பு ஒப்புக்கொள்ள வேண்டும். நான் புரிந்துகொண்ட வரையில் பெண்ணிய அணுகுமுறை அங்கேதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் இதற்கு முக்தா சால்வே இருக்கிறார். புனேயில் சாவித்திரிபாய், ஜோதிராவ் ஃபுலே தம்பதியர் நடத்திய பள்ளியின் மாணவி. தீண்டாமைக்கு ஆளான மாங் சாதிப் பெண். மாங், மகர் மக்களின் துயரங்களைப் பற்றி மராத்தியில் அவர் எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ இதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 14 என்கிறார்கள். பிரசவத்துக்குக் கூரைகூட இல்லாமல் மழையிலும் குளிரிலும் தவிக்கும் தன் சாதிப் பெண்களை அதில் எழுதுகிறார். வேதம் படிக்க எங்களுக்கு உரிமை இல்லையென்றால் எங்கள் மதம்தான் எது என்று கடவுளிடமே கேட்கிறார். மேற்கோள் தேடிப் போகாமல், தான் கண்டதை ஆதாரமாக வைத்து வாதாடுகிற எழுத்து. எங்கள் முதலாண்டுப் பிள்ளைகளிடம் நான் எதிர்பார்ப்பதும் இதைத்தான். எழுதும் துணிச்சலை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் இன்னும் நிறையப் பேச வேண்டும்.

என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். தென்மாவட்டத்தில் இருபாலர் கல்லூரி. ‘நேற்றுக் காலை 5 மணியிலிருந்து 8 மணி வரை உங்கள் வீட்டில் யார் யார் என்னென்ன செய்தார்கள்? நடந்ததை மட்டும் எழுதுங்கள்’ என்பது நான் தரும் பயிற்சி. பெண் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைப்பதில்லை. தண்ணீர் பிடித்தது, தம்பிக்கு டிபன் கட்டியது, கேஸ் தீர்ந்ததால் விறகடுப்புக்கு மாறியது என்று பக்கம் நிறைகிறது. பையன்களில் பாதிப்பேர் நாலு வரியோடு நின்றுவிடுவார்கள். ஏழு மணி வரை தூங்கியவனுக்கு என்ன தெரியும்? அவர்களை அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டு எழுதிவரச் சொல்வேன். ‘எங்கம்மா மாத்திரை போடுறதே எனக்கு நேத்துதான் சார் தெரியும்’ என்றான் ஒருவன். அவனுடைய இரண்டாவது தாள் அந்த ஆண்டின் நல்ல கட்டுரைகளில் ஒன்று. இந்தப் பயிற்சியால் அதிகம் கற்றுக்கொள்கிறவர்கள் பையன்கள்தான் என்பது என் கணிப்பு.

முதல் வரைவுக்கு மதிப்பெண் கிடையாது, சிவப்பு மையும் கிடையாது. வீட்டுப் பேச்சு அப்படியே வந்தால் திருத்த மாட்டேன். வாசிக்கும்போது கை தூக்குகிறவரை அழைக்காமல் பெஞ்சு வரிசையில் போவேன். இல்லாவிட்டால் நாலு பையன்களே மணி அடிக்கும்வரை பேசிவிடுவார்கள். ஒரு விதியில் மட்டும் கறாராக இருப்பேன். வீட்டு விஷயத்தை வாசித்தே தீர வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது. தாளை மடித்துக் கொடுத்தால் நான் மட்டும் படிப்பேன். ‘மனம் திறந்து எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஒரு பெண்ணின் குடும்பக் கதையை ஊர் பேச விடுவது அநியாயம்.

இந்த அணுகுமுறைக்குள்ளேயே சண்டைகளும் உண்டு. அமெரிக்காவில் எழுத்துக் கல்வி ஆய்வாளர் எலிசபெத் ஃபிளின் 1988இல் முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளை வைத்து, பெண்கள் உறவுகளைப் பற்றியும் ஆண்கள் தனித்த சாதனைகளைப் பற்றியும் எழுதுவதாகச் சொன்னார். அப்படிப் பொதுவாகப் பிரிக்கலாமா என்று பலர் மறுத்தார்கள். எனக்கும் அந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. மாத்திரை கட்டுரை எழுதியவன் எந்தக் கணக்கில் வருவான்? எனக்கு அதிகம் உதவியது அதே துறையின் இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் சூசன் ஜாரட் 1991இல் எழுப்பிய எதிர்ப்பு. ஆசிரியர் தாய்போல அரவணைத்து, மோதலே வராமல் பார்த்துக்கொண்டால், வகுப்பில் பெண்ணை இழிவாக எழுதும் தாளுக்கு யார் பதில் சொல்வது என்பது அவருடைய கவலை.

போன ஆண்டு ஒருவன் மனைவி ஜோக்குகளைக் கோத்து நகைச்சுவைக் கட்டுரை எழுதி வாசித்தான். சிரிப்பு அடங்கவில்லை. நான் திட்டவில்லை. ‘இதில் வரும் மனைவி தன் பக்கத்தைச் சொன்னால் எப்படியிருக்கும்? பத்து நிமிடம், எல்லோரும் எழுதுங்கள்’ என்றேன், அவனையும் சேர்த்து. வந்த பதில்களில் சில அவனுடையதைவிட நன்றாகவே சிரிக்கவைத்தன.

இதையெல்லாம் அகமதிப்பீட்டு 25 மதிப்பெண்ணுக்குள்தான் செய்ய முடிகிறது. மீதி 75க்குப் பல்கலைக்கழகத் தேர்வு. அங்கே முன்னுரையும் முடிவுரையும் வேண்டும், அதையும் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.