ஸ்காட்லாந்தின் மைதானங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிளாஸ்கோவில் குடியேறிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்காட்லாந்தின் விளையாட்டு, அரசியல், வரலாறு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): ஐயா, ஸ்காட்லாந்து தனி நாடு இல்லை. ஐ.நா. சபையில் இடம் இல்லை, ஒலிம்பிக்கில் தனிக் குழு இல்லை. கால்பந்தில் மட்டும் எப்படித் தனி அணி?

பதில்: முந்திக்கொண்டார்கள், தம்பி. உலகின் முதல் அதிகாரபூர்வமான சர்வதேசக் கால்பந்து ஆட்டம் 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்தது. மறு ஆண்டே ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் உருவாகிவிட்டது. ஆட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியத்தை 1886இல் அமைத்தவையும் பிரிட்டனின் நான்கு சங்கங்கள்தாம். ஃபிஃபா பிறந்தது 1904இல். யார் தனி அணி என்று தீர்ப்புச் சொல்லும் அமைப்பு வருவதற்கு முன்பே இவர்கள் களத்தில் நின்றாயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1707இல் இங்கிலாந்துடன் இணைந்தபோது ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றம் கலைந்தது. திருச்சபை, சட்டம், கல்வி ஆகிய மூன்றும் தனியாகவே நீடித்தன. பிற்காலத்தில் அந்த வரிசையில் நான்காவதாகக் கால்பந்து வந்து சேர்ந்தது. எடின்பரோவில் மீண்டும் ஒரு நாடாளுமன்றம் கூடியது 1999இல்தான். அதுவரை ஒரு கப்பல் கட்டும் தொழிலாளிக்குத் தன் நாட்டின் பெயரைத் தொண்டை கிழியக் கத்துவதற்குக் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் கால்பந்து மைதானம்தான் இருந்தது. 1937இல் இங்கிலாந்துக்கு எதிரான ஒரே ஆட்டத்துக்கு அங்கே 1,49,415 பேர் திரண்டார்கள். இந்த ஊர் ஆட்டங்களில் ஏன் இவ்வளவு கண்ணீர் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி (மதுரை): அந்த முதல் ஆட்டத்தில் யார் வென்றார்கள்?

பதில்: ஒருவரும் இல்லை, 0–0. ஆனாலும் அதை வெறும் சமநிலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்காட்லாந்தின் 11 பேரும் குவீன்ஸ் பார்க் என்ற ஒரே சங்கத்து ஆட்டக்காரர்கள். இங்கிலாந்து வீரர்கள் எடையிலும் உடற்கட்டிலும் மிஞ்சியவர்கள். பந்து கிடைத்தால் ஒருவரே உருட்டிக்கொண்டு ஓடுவது அவர்கள் பாணி. முட்டி மோதினால் தோற்றுவிடுவோம் என்று உணர்ந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் பந்தைக் கடத்தி ஆடினார்கள். இன்று உலகமே ஆடுகிற கூட்டு ஆட்டத்துக்கு அது ஒரு விதை. பின்னால் இங்கிலாந்துச் சங்கங்கள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து அழைத்துப் போயின. அவர்களுக்கு அங்கே ‘பேராசிரியர்கள்’ என்றே பெயர். அந்த ஆட்டம் நடந்த ஹாமில்டன் கிரெசென்ட் இன்றும் ஒரு கிரிக்கெட் மைதானம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணா, கிளாஸ்கோவின் கால்பந்துச் சங்கங்களான செல்டிக், ரேஞ்சர்ஸ் இவற்றின் பகை மதச் சண்டைதானா? இரு தரப்பிலும் நண்பர்கள் இருக்கிறார்களா உங்களுக்கு?

பதில்: இருக்கிறார்கள். ஒரே வீட்டில் மாமனார் ஒரு பக்கம், மருமகன் மறு பக்கம் என்று இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மதத்துக்கு முன் பசியைச் சொல்ல வேண்டும். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஊரோ புராட்டஸ்டன்ட் ஊர். 1887இல் கால்டன் பகுதியின் செயின்ட் மேரி தேவாலய மண்டபத்தில் செல்டிக் உருவானது. முன்னின்றவர் வால்ஃப்ரிட் என்ற துறவி. ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதுதான் நோக்கம். 1888 மே மாதம் நடந்த முதல் ஆட்டத்தில் செல்டிக் 5–2 என்று வென்றது. எதிரே ஆடியது ரேஞ்சர்ஸ்!

ரேஞ்சர்ஸ் 1872இல் இளைஞர்கள் நால்வர் தொடங்கிய சங்கம். தொடக்கத்தில் அதற்கு மத அடையாளம் கிடையாது. 1912 வாக்கில் பெல்ஃபாஸ்டின் கப்பல் கட்டும் நிறுவனம் கிளாஸ்கோவின் கோவன் பகுதிக்கு வந்தபோது வட அயர்லாந்துப் புராட்டஸ்டன்ட் தொழிலாளர்களும் கூடவே வந்தார்கள். அதன் பிறகு அடையாளம் இறுகியது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். கத்தோலிக்கரைச் சேர்ப்பதில்லை என்பது எழுதப்படாத சட்டமாகவே பல பத்தாண்டுகள் நின்றது. 1989இல் கத்தோலிக்கரான மோ ஜான்ஸ்டனை ஒப்பந்தம் செய்து அதை உடைத்தபோது சில ரசிகர்கள் தங்கள் கழுத்துத் துண்டுகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். செல்டிக்கில் அப்படியொரு தடை இருந்ததில்லை. 1967இல் லிஸ்பனில் இன்டர் மிலானை 2–1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்த பயிற்சியாளர் ஜாக் ஸ்டீன் ஒரு புராட்டஸ்டன்ட். அன்று ஆடிய 11 பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து 30 மைல் சுற்றளவில் பிறந்தவர்கள்.

பகையோடு மட்டும் நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1971 ஜனவரி 2 அன்று ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் இவ்விரு அணிகளின் ஆட்டம் 1–1 என்று முடிந்து கூட்டம் இறங்கியபோது, 13ஆம் எண் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். அதே படிக்கட்டில் 1961இல் இருவர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். 1967இலும் 1969இலும் பலர் காயமடைந்திருந்தார்கள். எச்சரிக்கை மூன்று முறை வந்தும் படிக்கட்டின் ஆபத்து நீங்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. மைதான மூலையில் பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒரு மழை நாளில் அதன் முன் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அவற்றில் ஐந்து பெயர்கள் மார்க்கிஞ்ச் என்ற ஒரே சிற்றூரின் பையன்களுடையவை. அந்த ஜனவரி மாதமே ஹாம்ப்டனில் செல்டிக் வீரர்களும் ரேஞ்சர்ஸ் வீரர்களும் ஒரே அணியாக நின்று, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக ஆடினார்கள்.

கேள்வி (சென்னை, ஆசிரியை): இந்தியர் யாராவது அங்கே ஆடியதுண்டா?

பதில்: உண்டு அம்மா, அதுவும் வெறுங்காலில். கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியைச் சேர்ந்த முகமது சலீம் 1936இல் செல்டிக்குக்கு வந்தார். பூட்ஸ் போட்டு ஆடிப் பழக்கமில்லாதவர். பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு, பூட்ஸ் அணிந்தவர்களுக்கு நடுவே இரண்டு ஆட்டங்கள் ஆடினார். அவருடைய பத்துக் கால்விரல்களும் கூட்டத்தை மயக்கின என்று ஸ்காட்லாந்துப் பத்திரிகை எழுதியது. இருந்துவிடும்படி சங்கத்தார் கேட்டும், ஊர் ஏக்கம் தாங்காமல் திரும்பிவிட்டார். அவருடைய கட்டுப்போட்ட பாதங்களின் புகைப்படம் கிடைத்தால் உங்கள் மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

கேள்வி (கோவை): செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானம் பணக்காரர்களுக்கு மட்டுமா?

பதில்: இல்லை. அது ஊர்ப் பொதுநிலம், தனியார் சங்கத்தின் சொத்து அன்று. ஓல்ட் கோர்ஸ் எனப்படும் பழைய திடலுக்குக் குறுக்கே, முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் உரிய புல்வெளிகளை வெட்டிக்கொண்டு, ஒரு பொதுவழி போகிறது. மட்டையை ஓங்கியவர் யாராக இருந்தாலும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் அந்த வழியைக் கடந்தால் காத்திருக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டமே கிடையாது. ஊர்க்காரர்கள் நாய்களை அவிழ்த்துவிட்டு அந்தப் புல்லில் உலாவுகிறார்கள். வெளியூர்க்காரருக்குக் கட்டணம் அதிகம் என்பதை மறுக்க மாட்டேன். ஊர்வாசிகளுக்கோ குறைந்த தொகையில் ஆண்டுச் சீட்டு உண்டு. 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று கோல்ஃபையும் கால்பந்தையும் ஒருசேரத் தடை செய்தது. நாடாளுமன்றம் போட்ட அந்தத் தடையை மக்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

தமிழர்கள் அங்கே போனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஊரின் பள்ளிக்குப் பெயர் ‘மெட்ராஸ் காலேஜ்’. செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையைத் தம் விடுதியில் நடத்திப் பார்த்தார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை முறைக்கு நெருங்கிய உறவு அது. பிரிட்டனுக்குத் திரும்பி அதை ‘மெட்ராஸ் முறை’ என்று பரப்பினார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833இல் எழுந்தது அந்தப் பள்ளி. அந்த ஊரின் ரக்பி சங்கத்துக்கும் மெட்ராஸ் என்றே பெயர். பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நான் ஒரு நிமிடம் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன்.

கேள்வி (சேலம்): ரக்பியில் ‘கல்கத்தா கோப்பை’ என்கிறார்களே, ஏன்?

பதில்: கல்கத்தாவில் இருந்த ரக்பி சங்கம் 1870களின் இறுதியில் கலைந்தபோது, வங்கியில் மிஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கிக் கோப்பை செய்தார்கள். மூன்று நாகங்கள் கைப்பிடி, மூடியில் யானை. 1879 முதல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் அதற்காக மோதுகின்றன.

கேள்வி (சிங்கப்பூர்): பனியில் கல்லைத் தள்ளி, துடைப்பத்தால் பெருக்குகிறார்களே, அது ஒரு விளையாட்டா?

பதில்: ஒருமுறை தள்ளிப் பார்த்தால் கேட்க மாட்டீர்கள். கர்லிங் கல் கிட்டத்தட்ட 20 கிலோ. உள்ளரங்கத்தில் முதன்முறை நான் குனிந்து கைப்பிடியைப் பிடித்தபோது கல் அசையாது என்றே நினைத்தேன். தள்ளியதும் அது என்னை விட்டுவிட்டு, அடித்தொண்டையில் உறுமுவது போன்ற ஓசையோடு போய்க்கொண்டே இருந்தது; நான் முழங்காலில் கிடந்தேன். கைப்பிடியை விடும்போது மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் கல் மெல்ல வளைந்து போகும். முன்னே ஓடிப் பெருக்குவது பனிப்பரப்பைச் சற்றே சூடாக்கி உராய்வைக் குறைப்பதற்கு. நன்றாகப் பெருக்கினால் கல் இன்னும் சில அடி கூடுதலாகப் போகும், வளைவும் குறையும்.

ஒலிம்பிக் கற்களுக்கான கருங்கல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஆளில்லாத ஏல்சா கிரெய்க் தீவிலிருந்து வருகிறது. அந்தக் கல்லில் நீர் எளிதில் ஊறாது, அதனால் உறைபனியில் விரிசல் விடாது. மாக்லின் என்ற ஊர்ப் பட்டறையில் செதுக்குகிறார்கள். முன்பெல்லாம் ஏரிகள் உறைந்தால் நாடே கூடி ஆடும் பெரும்போட்டி நடக்கும். கடைசியாக நடந்தது 1979இல், மென்டீத் ஏரியில். அதற்குப் பிறகு பாதுகாப்பாக நின்று ஆடும் அளவுக்குப் பனி வாய்க்கவில்லை. அதை நேரில் பார்த்த முதியவர்கள் சொல்லக் கேட்கும்போது எனக்கு ஏக்கமாக இருக்கும்.

கேள்வி (கொழும்பு): 1978 உலகக் கோப்பையில் தோற்றதால்தான் 1979 பொது வாக்கெடுப்பிலும் தோற்றார்கள் என்று படித்தேன். உண்மையா?

பதில்: பலரும் சொல்லும் கதை, நான் ஏற்கவில்லை. 1978இல் கோப்பையோடு திரும்புவோம் என்று அர்ஜென்டினா போனவர்கள் பெருவிடம் 1–3 என்று தோற்றார்கள், ஈரானோடு 1–1 என்று நின்றார்கள். பிறகு நெதர்லாந்தை 3–2 என்று வென்றும் பயனில்லாமல் வீடு திரும்பினார்கள். நாடு சோர்ந்தது உண்மை. ஆனால் 1979 மார்ச் 1 அன்று தனிப் பேரவை வேண்டும் என்று வாக்களித்தவர்கள் 51.6 சதவீதம்! மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆதரிக்க வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்திருந்த நிபந்தனைதான் அதைக் கவிழ்த்தது. பெரும்பான்மை பெற்றும் தோற்றவர்களின் வலியைக் கால்பந்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. 1997இல் மீண்டும் கேட்டபோது சுமார் 74 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

கேள்வி (தஞ்சாவூர், கல்லூரி மாணவி): பெண்கள் கால்பந்து?

பதில்: இது வெட்கப்பட வேண்டிய பகுதி, பூசி மெழுக மாட்டேன். 1971இல் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் பெண்கள் ஆட்டத்தை ஏற்பது பற்றி வாக்கெடுத்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஸ்காட்லாந்து. பெண்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆண்களின் முதல் ஆட்டத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1972 நவம்பரில் கிரீனக் நகரில் இங்கிலாந்தோடு மோதினார்கள். சங்கத்தின் அங்கீகாரம் இல்லை. 2–3 என்று தோற்றார்கள். அந்த அணியில் ஆடிய ரோஸ் ரைலி சொந்த நாட்டில் வழியில்லாமல் பிரான்சுக்கும் பிறகு இத்தாலிக்கும் போனார். இத்தாலி அவரைத் தன் தேசிய அணியிலேயே சேர்த்துக்கொண்டது. அந்த 1972 பெண்களுக்குத் தேசிய வீராங்கனைகளுக்குரிய தொப்பியை ஸ்காட்லாந்து 2019இல்தான் கொடுத்தது, 47 ஆண்டுகள் கழித்து.

கேள்வி (பெங்களூரு): கிளாஸ்கோவில் எனக்கு ஒரே ஒரு நாள்தான். எங்கே போகலாம்?

பதில்: ஹாம்ப்டனுக்குப் போங்கள். அங்குள்ள கால்பந்து அருங்காட்சியகத்தில் 1874இல் முதன்முதலாக வழங்கிய ஸ்காட்டிஷ் கோப்பையைப் பாருங்கள். பிறகு, நடந்து போகும் தூரத்தில் ஒரு பந்துருட்டு மைதானம் இருக்கிறது. ஹாம்ப்டன் என்ற பெயரில் அமைந்த முதல் கால்பந்து மைதானம் இருந்த இடம் அதுதான். அங்கே சுவரில் 1882இல் இங்கிலாந்தை 5–1 என்று வென்ற அணியைத் தீட்டியிருக்கிறார்கள். அதில் கறுப்பு நிறத்தில் ஒருவர் இருப்பார்: ஆண்ட்ரூ வாட்சன். தென் அமெரிக்காவின் டெமராராவில் (இன்றைய கயானா) பிறந்தவர், தந்தை ஸ்காட்லாந்துக் கரும்புத் தோட்ட முதலாளி, தாய் ஹன்னா ரோஸ் கறுப்பினப் பெண். 1881இல் லண்டனில் 6–1 என்று இங்கிலாந்தை வென்றபோது ஸ்காட்லாந்தின் தலைவர் அவர்தான். நகர மையத்துக்குத் திரும்பும்போது ஜமைக்கா தெரு, வர்ஜீனியா தெரு என்ற பெயர்ப்பலகைகளையும் கவனியுங்கள். அடிமைகள் விளைவித்த சர்க்கரையும் புகையிலையும் வந்த ஊர்களின் பெயர்கள் அவை.