தன் விரல் தனக்குக் கூசுமா?

கேள்வி (பாம்பன், பள்ளி மாணவி): தங்கை என் உள்ளங்காலில் விரல் வைத்தாலே துள்ளுகிறேன். நானே வருடினால் ஒன்றுமே இல்லை. ஏன் ஐயா?

பதில்: கையை அசைக்க மூளை உத்தரவு போடும்போதே அதன் நகல் ஒன்று, அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளைக்கும் போகிறது. எங்கே, எப்போது, எவ்வளவு தொடுகை வரும் என்று முன்கூட்டியே கணித்து, கணித்தபடி வந்த உணர்வை மூளை தணித்துவிடுகிறது. தங்கையின் விரலுக்கான உத்தரவோ அவளுடைய மூளையில் இருக்கிறது. உனக்கு நகல் வராது. 1950-இல் வான் ஹோல்ஸ்ட், மிட்டல்ஸ்டெட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வகுத்த கருத்து இது. பின்னர் லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோர் குழுவினர் அருமையான சோதனை ஒன்றைச் செய்தார்கள். ஒருவர் இடக்கையால் கைப்பிடியை அசைக்க, ரோபோ அவரது வலது உள்ளங்கையை நுரைப்பஞ்சால் வருடியது. வருடலை 0.1, 0.2, 0.3 விநாடி எனத் தாமதப்படுத்த, கூச்சமும் ஏறிக்கொண்டே போனது. அசைப்பது தன் கைதான் என்று தெரிந்தும் கூசியது, பார்!

கேள்வி (மண்டபம், மீனவர்): ஒரே விசைப்படகு. சுக்கான் பிடித்தவன் கல்லாக நிற்கிறான், வெளியூர் மாப்பிள்ளை வாந்தி எடுக்கிறார்.

பதில்: பாதி பழக்கம். மீதி, படகு எந்தப் பக்கம் திரும்பும் என்பது சுக்கான் பிடித்த கைக்கு முன்பே தெரியும். மாப்பிள்ளைக்குத் திரும்பிய பிறகுதான் தெரிகிறது. அவரை அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (தங்கச்சிமடம்): பிள்ளைகள் அடித்துக்கொண்டால், அவன்தான் பலமாக அடித்தான் என்று இருவருமே சொல்கிறார்கள்.

பதில்: இருவர் சொல்வதும் பொய்யில்லை. பட்ட அதே அழுத்தத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன 2003-ஆம் ஆண்டுச் சோதனையில் முறைக்கு முறை அழுத்தம் கூடியது. தான் கொடுத்தது தனக்குக் குறைவாகவே தெரிகிறது.

கேள்வி (ஏர்வாடி, ஒரு தாய்): மகனுக்கு யாரோ பேசுவது போலக் காதில் கேட்கிறது. நடிக்கிறான் என்கிறார்கள்.

பதில்: நடிப்பில்லை, அம்மா. நாம் மனத்துக்குள் பேசும்போதும் இந்த முன்கணிப்பு நடக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது பிசகினால் சொந்த எண்ணமே பிறர் குரலாக ஒலிக்கலாம். குரல் கேட்கும் நோயாளிகள் சிலருக்குத் தம் தொடுகையும் பிறர் தொடுகையைப் போலவே உறைப்பதைப் பிளேக்மோர் குழு 2000-இல் கண்டது. எல்லாக் குரல்களுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருந்தால் பலருக்குக் குரல் அடங்குகிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். குரல் பொய் என்று அவரோடு வாதாட வேண்டாம். பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போவதை நிறுத்த வேண்டியதில்லை, மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள்.